‘டெட் ஸ்பேஸ்’: தமிழில் என்ன எழுதுவது?

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். செவிலியருக்கான வென்டிலேட்டர் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன். அமைதியாக இழுக்கும் ஒரு மூச்சு சுமார் 500 மி.லி. அதில் 150 மி.லி. மூக்கு, தொண்டை, குரல்வளை, மூச்சுக்குழல், கிளைக்குழல்கள் என வழியிலேயே நின்றுவிடும். சிற்றறைவரை, அதாவது நுரையீரலின் நுண்ணிய காற்றுப்பைகள்வரை, போய் இரத்தத்தோடு கொடுக்கல் வாங்கல் செய்வது மீதி 350தான். வழியில் நிற்கும் அந்தப் பகுதியை ஆங்கிலத்தில் ‘டெட் ஸ்பேஸ்’ என்கிறார்கள், தமிழில் பெயர் வேண்டும். பழைய வரைவில் ‘இறந்த இடம்’ என்று இருக்கிறது. நோயாளியின் வீட்டார் காதில் விழுந்தால் நுரையீரலில் ஒரு பகுதி செத்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘வெற்றிடம்’ என்றும் எழுத முடியாது, அங்கே காற்று இருக்கிறது.

தமிழாசிரியர்:
கையிலேயே இருக்கிறதே, ‘வெளிறு’! வயிரம் பாயாத மரம் வெளிறு. அறியாமையையும் வெளிறு என்கிறது குறள் (503). உள்ளீடு இல்லாதது என்பதே பொருள். வெள் என்ற வேரில் பிறந்தவை வெளி, வெளிறு, வெள்ளிடை. வெறுமையையும் இதே குடும்பத்தில் சேர்க்கலாம் என்பது என் துணிபு. ளகரம் றகரமாகத் திரியாது என்பவர்களுக்குத் தனி இழையில் விடை சொல்கிறேன்.

நுரையீரல் மருத்துவர்:
ஐயா, வார்டில் வெளிறு என்றால் இரத்தசோகை. இமையைக் கீழே இழுத்து ‘வெளிறியிருக்கிறதா’ என்றுதான் தினமும் பார்க்கிறோம். உள்ளீடு இல்லாதது என்ற பொருளும் ஒத்துவராது. காற்றைச் சூடாக்குவது, ஈரமாக்குவது, தூசியைப் பிடிப்பது எல்லாம் அந்த வழிதான். ‘பயனிலா வெளி’யும் இதனாலேயே அடிபடும். அங்கே நடக்காதது ஒன்றுதான், வளிமாற்றம். எனவே ‘வளிமாறா வெளி’ என்கிறேன்.

பெயர் எதுவானாலும் இந்தக் கணக்கு கையேட்டில் வர வேண்டும். நிமிடத்துக்கு 12 முறை, முறைக்கு 500 மி.லி. என்றாலும் 6,000. 24 முறை, 250 மி.லி. என்றாலும் 6,000. மூச்சுக்கு 150 கழித்துப் பாருங்கள்: முதலாமவருக்கு 4,200 சேர்கிறது, இரண்டாமவருக்கு 2,400தான். திரையில் மொத்தம் சரியாகத் தெரியும்போதே கார்பன் டை ஆக்சைடு ஏறுவது இப்படித்தான். குழாயோடு மாட்டும் இணைப்பும் வடிகட்டியும் இந்த வெளியைக் கூட்டும். 3 கிலோ குழந்தைக்கு ஒரு மூச்சே சுமார் 20 மி.லி., அதில் 6 வழியில் நிற்கும். 10 மி.லி. கொள்ளும் இணைப்பை மாட்டினால் மிஞ்சுவது 4.

யாழ்ப்பாணத்து உயிரியல் ஆசிரியை:
டொக்டர், ‘வளிமாறா’ என்பதை எங்கள் மாணவர் ‘மாறாத வளி’ என்றே வாசிப்பர். எங்களிடம் மூச்சுக்குழலுக்கு வாதனாளி, நுரையீரலுக்குச் சுவாசப்பை என்பதே வழக்கு. வளி பழகிய சொல்தான், இடர் ‘மாறா’வில். வாய்க்காலை நினையுங்கள். வயலுக்குப் போகாமல் வாய்க்காலிலேயே நிற்கும் நீர்தானே இது? மூச்சை விடும்போதும் கடைசி 150 மி.லி. பழங்காற்று அங்கேயே நின்று, அடுத்த மூச்சில் முதலில் உள்ளே திரும்பும். ‘வழித்தங்கல்’ என்றால் கேட்டவுடனே விளங்கும்.

தமிழாசிரியர்:
வழித்தங்கல் அருமை! என் வெளிறைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் தங்கல் என்றால் பயணியர் விடுதி என்ற நினைவு வரும். ‘வழிநிற்பு’?

நுரையீரல் மருத்துவர்:
வாய்க்கால் உவமையைக் கையேட்டில் அப்படியே சேருங்கள். ஆனால் சொல் பாதிக்குத்தான் பொருந்தும். நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி அடைத்தால் காற்று சிற்றறைவரை சரியாகவே போகும், இரத்தம் வராது. அதுவும் டெட் ஸ்பேஸ்தான். 1891இல் கிறிஸ்டியன் போர் (Bohr) என்ற உடலியலாளர் தந்த சமன்பாடு இரண்டையும் சேர்த்தே அளக்கிறது. வழியில் தங்காத காற்றை வழித்தங்கல் என்று எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால் ‘தரிசு’? நிலம் சாகவில்லை, நீர் வராததால் விளைச்சல் இல்லை. கட்டி கரைந்தால் மறுபடி விளையும்.

யாழ்ப்பாணத்து உயிரியல் ஆசிரியை:
சிற்றறைக்கு மிகப் பொருத்தம். ஆனால் வாய்க்காலைத் தரிசு என்று யாரும் சொல்வதில்லை.

மொழிபெயர்ப்பாளர்:
நேரமில்லை. பொதுச்சொல் ‘வளிமாறா வெளி’, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘டெட் ஸ்பேஸ்’. உட்பிரிவுகள் வழித்தங்கல், சிற்றறைத் தரிசு. மூவர் இசைந்திருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்து உயிரியல் ஆசிரியை:
நான் இசையவில்லை. ‘மாறா’வை ‘மாற்றா’ என்றாவது திருத்துங்கள். வளியை மாற்றாத வெளி, வளிமாற்றா வெளி. ஓர் எழுத்துதான்.

தமிழாசிரியர்:
பிறவினை வேண்டும் என்கிறார், இலக்கணப்படி அவர் பக்கமே நியாயம். ஆனால் மாற்றுவது வெளியா, சிற்றறைச் சுவரா?