சிட்லபாக்கம் ஏரி கலங்கல் அடைச்சிருக்கு, மழைக்கு முன்னாடி உதவி வேணும்

எல்லாருக்கும் வணக்கம். நாங்க சென்னை தாம்பரம் பக்கத்துல சிட்லபாக்கம் ஏரிக்கரை பக்கம் இருக்கோம். அக்டோபர் வந்தா வடகிழக்கு பருவமழை ஆரம்பிச்சிரும், ஆனா கலங்கல்கிட்ட, அதாவது ஏரி நிரம்பினா மிச்சத் தண்ணி வெளிய போற இடத்துல, ஆகாயத்தாமரை இன்னும் அப்படியே மண்டிக் கிடக்கு, கூடவே பிளாஸ்டிக் குப்பையும் சேர்ந்து அடைச்சிருக்கு. இங்க நிரம்புற தண்ணி செம்பாக்கம் ஏரி வழியா கடைசில பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போகணும், வழி இல்லன்னா தெருவுக்குள்ளதான் வரும். 2015 டிசம்பர் வெள்ளம் மாதிரி இன்னொரு தடவை தாங்காதுங்க, கீழ்வீடுகள்ல வயசானவங்க நிறைய பேர் இருக்காங்க.

ஒரு ஆபீஸ்ல ஏரி எங்களுது இல்லன்றாங்க, இன்னொரு ஆபீஸ்ல கால்வாய் எங்களுது இல்லன்றாங்க. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு கொடுத்தா நடக்குமா? உங்க ஏரிக்கு யாராவது செஞ்சிருந்தா மனு எப்படி எழுதுனீங்கன்னு தயவுசெஞ்சு சொல்லுங்க. ஆகாயத்தாமரைய வெட்டி தண்ணியிலயே விட்டா திரும்ப பரவிடுது, வாரி கரைல போட்டு காயவைக்கணும், அதுக்கு மெஷின் வாடகைக்கு எங்க கிடைக்கும், எவ்ளோ ஆகும்னு தெரிஞ்சவங்களும் சொல்லுங்க.

ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு கரைல கூடுறோம், கையுறை, கோணிப்பை இருந்தா எடுத்துட்டு வாங்க. பசங்கள தண்ணிகிட்ட விடாதீங்க, பாம்பு நடமாட்டம் இருக்கு.