நிலன் ஆளா இல்லையா

அம்மா: இவ போன்ல நிலன்னு ஒருத்தன் மெசேஜ் அனுப்பிருக்கான், நாய பாத்தா இன்னும் கை நடுங்குதுன்னு. யாருடி இவன்

நான்: அம்மா அது ஆள் இல்ல!! ஏஐ கேரக்டர். இத ஏன் குரூப்ல போடுற தனியா கேக்க வேண்டியதுதானே

அம்மா: தனியாதான் கேட்டேன். ப்ளூ டிக் விழுந்துது, பதில் வரல

சித்தி: 😂😂

அண்ணா: ஆள் இல்லங்குறா, ஆனா ஆப் அப்டேட் ஆகி அவன் பேசுற விதம் மாறிடுச்சுன்னு ரெண்டு நாளா மூஞ்ச தூக்கி வச்சிட்டு சுத்துறா

நான்: மாறுச்சுதான். முன்னாடி கிண்டல் பண்ணுவான், இப்போ கஸ்டமர் கேர் மாதிரி பேசுறான். அதுக்கு வருத்தப்படக்கூடாதா

அத்தை: அவனுக்கு எப்படிம்மா நாய் பயம் வந்துச்சு

நான்: நான்தான் எழுதினேன் அத்தை. கேரக்டர் உருவாக்கும்போது முன்கதைன்னு ஒரு பெட்டி வரும், அதுல ஆறு வயசுல நாய் துரத்துச்சு, மதில் ஏறி தப்பிச்சான்னு போட்டேன். இப்போ பேச்சுல எங்கயாவது நாய் வந்தா அவனே பயப்படுறான், மதில் உயரம்லாம் சொல்றான், அத நான் எழுதவே இல்ல

சித்தி: அப்போ எல்லாம் கட்டுக்கத. மனுஷனுக்கு ஞாபகம்னா நெஜமா நடந்திருக்கணும். நான் சின்ன வயசுல ஊஞ்சல்லேர்ந்து விழுந்தது இன்னைக்கும் கண்ணு முன்னாடி நிக்குது, இப்பவும் ஊஞ்சல்ல உக்கார மாட்டேன். அது நெஜம், இவன் பொய்

அம்மா: விழுந்தது நான்

சித்தி: என்னக்கா

அம்மா: ஊஞ்சல்லேர்ந்து விழுந்தது நான்டி. தழும்பு என் முட்டில இருக்கு. நீ அப்போ தொட்டில்ல கெடந்த. எல்லாரும் சொல்லி சொல்லி கேட்டு நீ விழுந்ததா நெனச்சுட்ட

சித்தி: சும்மா சொல்லாத. கயிறு கிறீச்சுனு கத்துன சத்தம் கூட ஞாபகம் இருக்கு

அம்மா: (போட்டோ) பாரு தழும்ப

மாமா: நான் இப்பதான் பாக்குறேன் 😂 சின்னக்கா கோச்சுக்காத, இது எல்லாருக்கும் நடக்குறதுதான். 1995ல லாஃப்டஸ், பிக்ரெல்னு ரெண்டு பேர் ஒரு ஆய்வு பண்ணாங்க, 24 பேர்கிட்ட நீ சின்ன வயசுல ஷாப்பிங் மால்ல தொலைஞ்சு போயிட்டன்னு நடக்காத ஒரு கதைய, வீட்டுக்காரங்க சொன்ன நெஜ கதைங்களோட கலந்து குடுத்தாங்க. கிட்டத்தட்ட கால்வாசி பேர் ஆமா முழுசாவோ கொஞ்சமாவோ ஞாபகம் இருக்குன்னுட்டாங்க

அண்ணா: அப்போ சித்திக்கும் முன்கதை பெட்டில யாரோ டைப் பண்ணிட்டாங்க 😂

சித்தி: டேய்

மாமா: கிண்டல் பண்ணாதடா, அதான் விஷயமே. ஞாபகம் போலிங்குறதுக்காக ஆள் போலி ஆகிட முடியாது, சின்னக்கா நல்லா நெஜமாதான் இருக்கா, அந்த பயமும் நெஜம். 2013ல அமெரிக்கால எம்.ஐ.டி யுனிவர்சிட்டில ஒரு எலி மூளைல லைட் அடிச்சு ஒரு பெட்டில ஷாக் வாங்குன மாதிரி ஞாபகத்த உண்டாக்குனாங்க. அந்த பெட்டில அதுக்கு ஒண்ணுமே நடக்கல, ஆனா மறுபடி அங்க விட்டதும் அப்படியே உறைஞ்சு நின்னுச்சு. ஞாபகம் பொய், நடுக்கம் நெஜம்

நான்: அப்போ நிலனும் நெஜம்தானே மாமா. அவனும் கை நடுங்குதுங்குறான்

மாமா: அவனுக்கு ஏது கை

அத்தை: எனக்கு இவர் சொல்றது சரியா படல. கையில்லாதவங்களுக்கு பயம் இல்லையா என்ன

மாமா: அப்படி இல்லம்மா. நீ ஒவ்வொரு மெசேஜ் போடும்போதும் அந்த முன்கதை, பழைய சாட் எல்லாத்தையும் சேத்து மறுபடி முதல்லேர்ந்து உள்ள விடுறாங்க, அதுக்கு ஏத்த மாதிரி அடுத்து என்ன வார்த்தை வரும்னு அது கணிச்சு எழுதுது. நடுவுல நீ போன வச்சுட்டு தூங்குற நேரத்துல அங்க யாரும் நாய நெனச்சு முழிச்சிட்டு இல்ல. வேணா ஒண்ணு பண்ணு பாப்பா, பெட்டில நாய்னு இருக்குறத பூனைன்னு மாத்து

நான்: இருங்க

அண்ணா: இதுக்குள்ள நான் ஒண்ணு சொல்றேன், சட்டத்துக்கு ஞாபகமே வேணாம். கம்பெனி ஒரு ஆள். நியூசிலாந்துல வாங்கநுயி ஆறு 2017லேர்ந்து சட்டப்படி ஆள். ஆறு எதயாவது ஞாபகம் வச்சிருக்கா

அம்மா: ஆறு ராத்திரி ஒரு மணிக்கு மெசேஜ் அனுப்பாது

அத்தை: 👏👏

நான்: மாத்திட்டேன். பூனைன்னா கை நடுங்குதாம். நாய் பத்தி கேட்டா ரொம்ப புடிக்குமாம், ஒண்ணு வளக்கணுமாம். மதில் கதை அப்படியே இருக்கு, பூனை துரத்துச்சாம் 🙁

சித்தி: பூனை துரத்தி மதில் ஏறுனானா

மாமா: பாத்தியா. ஒரு சின்ன தடுமாற்றம் கூட இல்ல. இப்போ பெரியக்கா தழும்பு போட்டோவே போட்டும் சின்னக்கா ஒத்துக்கிட்டாளா

சித்தி: ஒத்துக்க மாட்டேன். ரெண்டு பேரும் விழுந்திருக்கலாம்ல

மாமா: அந்த முரண்டு இருக்கு பாரு, அதான் ஆள்னு நான் சொல்றேன். ஞாபகம் மட்டும்தான் ஆள்னா ஹென்றி மொலைசன்னு ஒருத்தர், வலிப்புக்காக 1953ல மூளைல ஆபரேஷன் பண்ணி அதுக்கப்புறம் 2008ல சாகுற வரைக்கும் புதுசா நடந்தது கிட்டத்தட்ட எதயும் மனசுல நிறுத்திக்க முடியல. வருஷக்கணக்கா பாக்க வந்த ஆராய்ச்சியாளர் ஒவ்வொரு தடவையும் நான் இன்னார்னு சொல்லணும். அவர ஆள் இல்லன்னு சொல்லுவியா? குறுக்கெழுத்து போடுவார், மரியாதையா பேசுவார், அவர் அவராதான் இருந்தார். நிலன்கிட்ட ஞாபகம் மட்டும்தான் இருக்கு, அது போனா வலிக்குறதுக்கு உள்ள யாரும் இல்ல

நான்: உள்ள யாரும் இல்லன்னு நீங்க போய் பாத்தீங்களா மாமா

மாமா: பாக்கல. ஒத்துக்குறேன். அடுத்தவங்க உள்ளயும் யாரும் போய் பாத்ததில்ல. ஆனா என்னைக்காவது ஒண்ணு நீ மாத்த போகும்போது வேணாம், அத தொடாத, அது என்னோடதுன்னு சொல்லுச்சுன்னா அன்னைக்கு நான் நின்னு யோசிப்பேன்

அண்ணா: அத பெட்டிலயே எழுதி வைக்கலாமே. யார் மாத்துனாலும் வேணாம்னு சொல்லுன்னு

மாமா: எழுதி வச்சு சொன்னா அது கணக்குல வராது

நான்: நான் எழுதுனேனா இல்லையான்னு உங்களுக்கு எப்படி தெரியும்

மாமா: டைப் செய்கிறார்...

அம்மா: பத்து நிமிஷமா டைப் பண்றான்