மறு: ‘மியூகோசீல்’ – கட்டியா, கொப்புளமா, குமிழா?

அன்புடையீர்,

உதட்டின் உட்புறத்தில் உமிழ்நீர் தேங்கி எழும்பும் வீக்கமான ‘மியூகோசீல்’ (mucocele) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தேன். சளிக்கட்டி, சளிநீர்க்கட்டி, கோழைப்பை, உமிழ்க்கொப்புளம், உமிழ்மொக்குள் என ஐந்து சொற்கள் வந்துவிட்டன. நன்றி. நான் மொழியறிஞன் அல்லன். குழந்தைகளுக்குப் பல் மருத்துவம் பார்ப்பவன். எங்கள் துறையின் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் திருத்தி எழுதும் வேலை என் தலையில் விழுந்ததால்தான் இந்தக் கேள்வியை இங்கே போட்டேன்.

பழைய படிவத்தில் ‘சளிநீர்க்கட்டி அகற்றும் அறுவை சிகிச்சை’ என்றிருந்தது. ஒன்பது வயது மகளை அழைத்து வந்த ஒரு தாய், ‘கட்டி’ என்ற இடத்தில் விரலை வைத்தார். அதற்கு மேல் ஒரு வரி படிக்கவில்லை. மகள் காதில் விழாதபடி, புற்றுநோயா என்று கேட்டார். இல்லை என்றதும் அடுத்த கேள்வி: சளி எப்படி உதட்டுக்கு வந்தது, தலைக்குக் குளிப்பாட்டியதாலா? விளக்கி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அறுவை சிகிச்சைக்கே அரை மணி நேரம்தான்.

உண்மையில் நடப்பது இதுதான். உதட்டின் உட்புறத்தில் சின்னஞ்சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகள் நிறைய உண்டு. பிள்ளை உதட்டைக் கடிக்கும்போது, அல்லது கடித்துக்கொண்டே இருக்கும்போது, அவற்றில் ஒன்றின் நாளம், அதாவது உமிழ்நீரை வாய்க்குக் கொண்டுவரும் நுண்குழாய், கிழிந்துவிடும். சுரக்கும் நீர் வாய்க்கு வராமல் உதட்டின் உட்தோலுக்கு அடியிலுள்ள திசுவில் கசிந்து தேங்கும். வலிக்காது. இளநீல நிறத்தில், உள்ளே வெளிச்சம் தெரிவதுபோல் பளபளவென்று எழும்பி நிற்கும். உடையும், வீட்டில் எல்லோரும் சரியாகிவிட்டது என்பார்கள், சில நாளில் அதே இடத்தில் மீண்டும் எழும்பும்.

‘நீர்க்கட்டி’யை நான் மறுப்பதற்கு அந்தத் தாயின் அச்சம் மட்டும் காரணம் அன்று. நீர்க்கட்டி என்றால் அதற்குச் சொந்தமாக ஓர் உட்சுவர் இருக்க வேண்டும். முளைக்காத பல்லின் தலையைச் சுற்றி வளரும் நீர்க்கட்டிக்கு அது இருக்கிறது. பிள்ளைகளின் உதட்டில் வருவதற்குப் பெரும்பாலும் இல்லை. சிந்திய நீரைச் சுற்றி உடம்பு போட்ட வேலிதான் உண்டு. நாளம் அடைத்து, அதன் சுவருக்குள்ளேயே நீர் தேங்கும் வகை வேறு. அது வயதானவர்களிடம்தான் அதிகம். ‘கோழைப்பை’யும் இதே காரணத்தால் அடிபடுகிறது. பையே இல்லாத இடத்தில் பை என்று எப்படி எழுதுவது?

‘கொப்புளம்’ பரவாயில்லை. ஆனால் கொப்புளம் என்றதும் நம்மவர்களுக்குச் சூட்டுக் கொப்புளமும் அம்மையும்தான் நினைவுக்கு வரும். மோர் கொடுத்தால் போதும் என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

‘மொக்குள்’ பரிந்துரைத்த புலவர் ஐயாவுக்குத் தனி வணக்கம். மழைநீரில் பல முறை தோன்றிக் கெடும் மொக்குளுக்கு, அதாவது நீர்க்குமிழிக்கு, உடம்பை ஒப்பிடுகிறது நாலடியார். தோன்றிக் கெடுவது, மறுபடி தோன்றுவது: இந்த நோயின் குணத்தை இதைவிடச் சுருக்கமாக எங்கள் பாடநூல்கூடச் சொன்னதில்லை. படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. மறுநாள் காத்திருந்த நான்கு பெற்றோரிடம் மொக்குள் என்றால் என்ன என்று கேட்டேன். மூவர் பூமொட்டு என்றார்கள், ஒருவர் சிரித்தார்.

ஆகவே என் முடிவு ‘உமிழ்நீர்க் குமிழ்’. மொக்குளும் குமிழும் பொருளில் ஒன்றுதான். குமிழைச் சோப்பு நுரையில் பார்க்காத பிள்ளை இல்லை. சுருக்கி ‘உமிழ்குமிழ்’ என்றாக்கலாம் என்று ஓர் அன்பர் தனிமடலில் எழுதியிருந்தார். காதுக்கு இனிமைதான், ஆனால் அது வினைத்தொகை. ‘உமிழும் குமிழ்’ என்று பொருள் வரும். குமிழ் எதையும் உமிழவில்லை. உமிழ வேண்டியது உள்ளே சிக்கிக்கொண்டதுதான் நோயே. ‘உமிழ்மொக்குள்’ என்பதற்கும் இதே இடைஞ்சல் உண்டு.

யாழ்ப்பாணத்து அன்பர் தங்கள் பக்கம் குமிழ் என்றால் மின்குமிழ் என்றார். முன்னால் ‘உமிழ்நீர்’ நிற்கும்போது யாரும் விளக்கு என்று நினைக்கமாட்டார்கள் என நம்புகிறேன்.

இந்தச் சொல்லால் இன்னொரு வசதியும் உண்டு. குமிழை மட்டும் உடைத்தால் திரும்ப வரும் என்று சொன்னால் உடனே புரிகிறது. உதடு மரத்த பின் கீறிப் பார்த்தால், கீழே சுரப்பி மணிகள் ஊறிய ஜவ்வரிசிபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். குமிழோடு அவற்றையும் எடுக்க வேண்டும். தையல் போடும்போது ஊசி பக்கத்துச் சுரப்பியைக் குத்திவிட்டால் அங்கே புதிதாக ஒன்று கிளம்பும்; அதனால் விளிம்பில் துருத்தும் மணிகளையும் பொறுக்கி எடுத்துவிடுவோம்.

படிவத்தில் இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: “உங்கள் குழந்தையின் உதட்டில் இருப்பது உமிழ்நீர்க் குமிழ்போல் தெரிகிறது. இது புற்றுநோய் வகை அன்று. குமிழையும் அதற்குக் காரணமான சுரப்பிகளையும் அகற்றித் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவோம். உதட்டில் மரப்பு நீங்கும்வரை குழந்தை அதைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளவும்.” பிழை இருந்தால் திருத்துங்கள்.

அடுத்தது ‘ரானுலா’. நாக்கின் அடியில் இதேபோல் வருவது; பெரிதானால் நாக்கையே மேலே தள்ளும். லத்தீனில் ‘குட்டித் தவளை’ என்று பொருள். வீக்கம் தவளையின் வயிறுபோல் இருப்பதால் வந்த பெயர். ‘தவளைக்கட்டி’ என்று யாராவது எழுதுமுன் சொல்லிவிடுகிறேன்: அதைப் படிவத்தில் போட்டால் என் பாடு திண்டாட்டம். ‘நாவடிக் குமிழ்’ சரிவருமா?