மறு: ‘பீரியட் இன்ஸ்ட்ருமென்ட்’டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய படைப்பு ஒன்றை, அது எழுதப்பட்ட காலத்தில் புழங்கிய வகைக் கருவியில் வாசித்தால் அந்தக் கருவியை ஆங்கிலத்தில் ‘பீரியட் இன்ஸ்ட்ருமென்ட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடி நேற்று தொடங்கிய இழை இரவுக்குள் இவ்வளவு நீளும் என்று நினைக்கவில்லை. முன்வைத்த சொற்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> பழங்கருவி என்றே சொல்லிவிடலாமே. எளிமையாக இருக்கிறது.

எளிமைதான், ஆனால் பொருள் இடிக்கிறது. மோட்சார்ட்டின் பியானோ கன்செர்ட்டோக்களை (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) பியானோ கலைஞர் ரொனால்ட் பிரவுட்டிகாம் வாசித்த பியானோ, செக் நாட்டில் பால் மெக்னல்ட்டி நம் காலத்தில் செய்தது. வியன்னாவில் 18ஆம் நூற்றாண்டில் அன்டோன் வால்டர் செய்த பியானோ அதற்கு மாதிரி. மாதிரிதான் பழசு, கருவி புதுசு. இன்றைக்கு ஒருவர் மரம் குடைந்து யாழ் செய்தால் அதைப் பழங்கருவி என்போமா?

> சமகாலக் கருவி?

இது இன்னும் ஆபத்து. ‘சமகால இசை’ என்றால் இன்றைய இசை என்றுதான் எல்லாரும் எழுதுகிறோம். நேர் எதிர்ப்பொருள் வந்துவிடும்.

> அப்படியானால் காலக் கருவி, அல்லது அக்காலக் கருவி.

முதலாவதைப் படித்ததும் எனக்குக் கடிகாரம்தான் ஞாபகம் வந்தது. இரண்டாவது பரவாயில்லை. ஆனால் ‘அக்காலம்’ என்றதும் எக்காலம் என்று கேட்பார்கள் (எக்காளம் வேறு கருவி, அதை விடுங்கள்). கேள்வி நியாயமானதும்கூட. மோட்சார்ட்டுக்கு 61 கட்டை (விரலால் அழுத்தும் கீ), 5 ஸ்தாயி போதும். பீத்தோவன் 1809இல் எழுதிய ஐந்தாம் கன்செர்ட்டோவை அந்த வால்டர் பியானோவில் வாசிக்கவே முடியாது, கட்டை தீர்ந்துவிடும். ஆகவே பொதுவாக ‘அந்தக் காலம்’ என்றால் போதாது. எந்தப் படைப்போ அந்தப் படைப்பின் காலம்.

அதனால் என் பரிந்துரை: உடன்காலக் கருவி. உடன்பிறந்தார் என்பதில் உள்ள அதே ‘உடன்’. இசையோடு சேர்ந்து பிறந்த வகைக் கருவி. எப்போது செய்தது என்ற கேள்வியே எழாது.

இந்தச் சொல்லுக்கு நான் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்றால், மோட்சார்ட்டின் டி மைனர் கன்செர்ட்டோவை (மோட்சார்ட் படைப்புகளின் கோஹெல் பட்டியலில் எண் 466) பல வருடம் இன்றைய பெரிய பியானோவில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் பியானோ கலைஞர் மால்கம் பில்சன், இசைக்குழு நடத்துநர் ஜான் எலியட் கார்டினருடன் 1980களில் உடன்காலக் கருவிகளில் செய்த பதிவு கிடைத்தது. தொடக்கத்தில் வயலின்கள் தாளத்துக்குக் குறுக்கே தட்டித் தட்டி வரும், அடியில் செல்லோக்கள் உறுமும். அதெல்லாம் முடிந்து பியானோ தனியாக நுழையும் இடத்தில் திடுக்கிட்டேன். சின்னக் குரல்! ஒலி எழுந்த வேகத்தில் அடங்கியது. கீழ்ஸ்தாயியில் லேசான கரகரப்பு, மேலே போனால் மரத்தைத் தட்டியதுபோல் ஒரு துல்லியம். முதல் ஐந்து நிமிடம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இரண்டாவது முறை கேட்டபோதுதான் ஓபோ, பசூன் என்ற ஊதுகருவிகள் பியானோவோடு பேசிக்கொள்வது காதில் விழுந்தது. அதுவரை அவை எனக்குப் பின்னணிதான்.

காரணம் கருவியின் உடம்பில் இருக்கிறது. இன்றைய கச்சேரிப் பியானோவுக்கு வார்ப்பிரும்புச் சட்டகம், கம்பளி சுற்றிய சுத்தி, 88 கட்டை, ஏறக்குறைய 500 கிலோ எடை. வால்டருடையது மரச்சட்டகம், தோல் போர்த்திய சின்னச் சுத்தி, எடை 100 கிலோவுக்கும் கீழே. மிதிக்கட்டை கிடையாது, விசையை முழங்காலால் மேலே தூக்க வேண்டும். இன்று வெள்ளையாக இருக்கும் கட்டைகள் அதில் கறுப்பு. மோட்சார்ட் 1782 வாக்கில் வாங்கிய வால்டர் பியானோ சால்ஸ்பர்க்கில் இன்னும் இருக்கிறது.

கூடவே வரும் சொற்கள் இரண்டு. உடன்கால வகை வயலின்களுக்கு விலங்குக் குடலில் திரித்த இழையைக் கட்டுவார்கள். அதற்குப் புதுச்சொல் எதற்கு? நரம்பு என்று யாழுக்குச் சொன்னோமே! பியானோவில் இருப்பது உலோகம், அது தந்தி. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல். நம்மிடம் வேறுபாடு தயாராக இருக்கிறது. அடுத்தது சுருதி. உடன்காலக் கருவிகளில் மோட்சார்ட்டை வாசிக்கும் இசைக்குழுக்கள், சுருதி சேர்க்கும் ‘ஏ’ ஸ்வரத்தைப் பெரும்பாலும் இன்றைய வழக்கமான 440க்குப் பதில் 430 ஹெர்ட்ஸில் வைத்துக்கொள்வார்கள். நம் சுருதிக் கணக்கில் அரைக் கட்டையில் பாதிகூட இறங்காது, ஆனால் ஒலியின் இறுக்கம் தளர்வது தெரியும்.

வால்டர் செய்தது போன்ற அந்தக் காலப் பியானோவின் பெயரான ஃபோர்ட்டேபியானோவுக்கு (ஃபோர்ட்டே என்றால் வன்மை, பியானோ என்றால் மென்மை) ‘வன்மென் பியானோ’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். சொல் அழகு, அதை மறுக்கவில்லை. ஆனால் கேட்பவர் கடையில் தேடும்போது ஃபோர்ட்டேபியானோ என்றுதானே தேட வேண்டும்? அதை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

‘உடன்காலக் கருவி’யில் எனக்கே ஓர் ஐயம் உண்டு. வேகமாகப் படித்தால் ‘உடனடி’ என்று கண் தாவிவிடுமோ? இந்த வாக்கியத்தை வீட்டில் யாரிடமாவது வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டு எழுதுங்களேன்: “மோட்சார்ட்டின் கன்செர்ட்டோக்களை உடன்காலக் கருவிகளில் வாசித்த பதிவு.”

பி.கு.: பியானோவையே கின்னரப்பெட்டி ஆக்க வேண்டும் என்பவர்கள் தயவுசெய்து தனி இழை தொடங்கவும்.