புதுப்பிப்பு: அக்காவின் தோலடிக் கட்டி, ஆல்ஃபா-பீட்டாவா காமா-டெல்டாவா?

அக்காவின் தொடைக் கட்டிகளில் எடுத்த பயாப்சியில் 'பானிகுலைட்டிஸ் (தோலடிக் கொழுப்பு அழற்சி) போன்ற டி-செல் லிம்போமா' (டி-செல் என்ற வெள்ளையணுவில் வரும் புற்றுநோய்) என்று வந்ததைப் பற்றி முன்பு எழுதி, டி-செல்லின் மேலுள்ள ஏற்பியை வைத்துப் பிரிக்கும் ஆல்ஃபா-பீட்டா, காமா-டெல்டா இரண்டில் இது எந்த வகை என்று கேட்டிருந்தேன். செல்லின் புரதங்களைச் சாயமிட்டுக் காட்டும் இம்யூனோ சாய ரிப்போர்ட் வந்துவிட்டது: ஆல்ஃபா-பீட்டா. அப்பாடா என்று இருக்கிறது.

ஏனென்றால் தோல் லிம்போமாக்களுக்கான 2005 வகைப்பாடுதான் (WHO-EORTC) இந்த இரண்டையும் தனி நோய்களாகப் பிரித்தது. 2008இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு ஆல்ஃபா-பீட்டாவில் 82 சதவீதம், காமா-டெல்டாவில் 11.

இரண்டிலுமே புற்றணுக்கள் கொழுப்பு செல்லைச் சுற்றி வளையம் கட்டும். ஆனால் அக்காவுக்கு அவை கொழுப்பைத் தாண்டவில்லை. செல்லின் அடையாளப் புரதங்களில் சிடி8 பாசிட்டிவ், சிடி56 நெகட்டிவ். காமா-டெல்டா பெரும்பாலும் மேல்தோல் வரை ஏறும், புண்ணாகும், சிடி56 பாசிட்டிவாக இருக்கும். லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோயால் வரும் லூபஸ் பானிகுலைட்டிஸும் இதே போலத் தோன்றும் என்பதால் அதையும் தனியாகப் பார்த்து விலக்கினார்கள்.

சரி, சிகிச்சை? உடனே கீமோ இல்லை, ஸ்டீராய்டும் நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரினும்தான். ஹீமோஃபேகோசைட்டிக் சிண்ட்ரோம் (நோயெதிர்ப்பு செல்கள் கட்டுமீறி ரத்த அணுக்களையே விழுங்கும் நிலை) சேர்ந்தால் நிலைமை மோசமாகும். அதனால் காய்ச்சலை விடாமல் கவனிக்கிறோம். அந்த நிலையில் மிகவும் உயரும் ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) ரிசல்ட்டும், இந்த நோயோடு தொடர்புள்ள ஹெச்ஏவிசிஆர்2 மரபணுப் பரிசோதனையும் இன்னும் வர வேண்டும்.