தியேட்டரில் பிழைத்தவர்கள், வார்டில் போனவர்கள்

ஆப்பிரிக்காவின் மலாவியில் இருந்த ஓர் அறுவை மருத்துவர்:

ஒரு மாவட்ட மருத்துவமனையில் வேலை. கிளம்பும்போது ஆப்பரேஷன் தியேட்டரை நினைத்துத்தான் பயந்தேன். போய்ப் பார்த்தால் அங்கே கிளினிக்கல் ஆபீசர்கள் அசத்துகிறார்கள். எம்பிபிஎஸ் படித்தவர்கள் இல்லை. ஆனால் அந்நாட்டு மாவட்ட மருத்துவமனைகளில் சிசேரியன்களில் பெரும்பகுதியைச் செய்வது அவர்கள்தான். கெட்டமைன் என்ற மயக்க ஊசி மருந்தை வைத்தே வயிற்றைத் திறந்து மூடிவிடுவார்கள்.

தலைவலி எல்லாம் வார்டில். டைபாய்டில் குடல் ஓட்டையாகி ஒரு பையன் வந்தான். ஓட்டையைத் தைத்தோம், வயிற்றைக் கழுவினோம், திருப்தியாகவே முடிந்தது. இரண்டாம் நாள் ராத்திரி அவனுடைய சார்ட்டில் ஒரு பதிவும் இல்லை. நர்ஸைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவ்வளவு பெரிய வார்டுக்கு அவர் ஒருவர்தான். "வயிறு கல் மாதிரி இருக்கிறது" என்று தியேட்டர் வாசலுக்கே வந்து நின்றது பையனின் அம்மா. அங்கே ஒவ்வொரு நோயாளிக்கும் சொந்தக்காரர் ஒருவர் கூடவே தங்குவார், 'கார்டியன்' என்பார்கள். சமையல், துணி துவைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. மறுபடி திறந்தோம், தையல் கசிந்திருந்தது. பையன் பிழைத்தான். கூட ஆள் இல்லாமல் அதே வார்டில் கிடந்த ஒரு பெரியவர் விடிவதற்குள் போய்விட்டார். என்ன ஆனது என்று சொல்லக்கூட யாரும் இல்லை.

மயக்கவியல் மருத்துவர் ஒருவர்:

டாக்டர், நீங்கள் பார்த்ததுதான் 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்விலும் இருக்கிறது. 25 ஆப்பிரிக்க நாடுகள், 11,000-க்கும் அதிகமான நோயாளிகள். பெரும்பாலும் இளவயதுக்காரர்கள், வேறு வியாதிகளும் குறைவு. அப்படியிருந்தும் இறப்பு உலக சராசரியைப் போல இரண்டு மடங்கு. இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல், அறுவை நடந்த நாளைத் தாண்டியபின் போனவர்கள். நான் இருந்த இடத்தில் தியேட்டருக்குப் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வந்துவிட்டது. வார்டுக்கும் ஒன்று கேட்டேன், சிரித்தார்கள்.

உகாண்டாவில் பணிபுரிந்தவர்:

சரி, வந்து சேர்வதற்கு முன்னால் நடப்பதையும் சொல்ல வேண்டும். குடலிறக்கத்தோடு வருஷக்கணக்கில் தோட்ட வேலை செய்கிறார்கள். குடல் மாட்டி அழுகின பிறகுதான் 'போடா போடா' என்கிற வாடகை பைக்கில் ஏற்றி வருவார்கள். நேரத்தோடு வந்தால் சின்ன ஆப்பரேஷன். குடல் பிதுங்கும் இடத்தில் வைத்துத் தைக்கும் வலையான மெஷ்ஷின் விலையும் தடையில்லை: கொசுவலைத் துணியைக் கிருமிநீக்கி வைத்தே தைக்கலாம் என்று மகாராஷ்டிரத்தின் டாக்டர் தோங்காவ்ங்கர் முன்பே செய்து காட்டியிருந்தார். கிழக்கு உகாண்டாவில் அதை விலையுயர்ந்த மெஷ்ஷோடு ஒப்பிட்டார்கள். 2016-ல் முடிவு வெளிவந்தது. ஒரு வருஷம் கழித்தும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

டாக்டர், ஒரு கேள்வி: கார்டியன்களுக்கு நாடி எண்ணவும் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவும் மலாவியில் யாராவது சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்களா?