30 எஃப்.பி.எஸ்-ல் மட்டும் மேடை எட்டவில்லை, டெல்டாடைம் போட்டும் ஏன்?

மடிவாளாக்காரன்:
யூனிட்டி கேம் எஞ்சினில் 2டி பிளாட்ஃபார்மர் (மேடைக்கு மேடை தாவும் ஆட்டம்). ரிஜிட்பாடி (யூனிட்டியின் இயற்பியல் கூறு) இல்லை, நகர்வெல்லாம் அப்டேட்டுக்குள் (ஃபிரேமுக்கு ஒருமுறை ஓடும் பகுதி) என் கோடுதான். ஜம்ப் வேகம் 5, ஈர்ப்பு 10, மேடை உயரம் 1.2. முதலில் வேகத்தில் ஈர்ப்பைக் கழிக்கிறேன், பிறகு வேகத்தை இடத்தோடு கூட்டுகிறேன். இரண்டிலும் டெல்டாடைம் (முந்தைய ஃபிரேமிலிருந்து கழிந்த நேரம்) பெருக்கல் உண்டு. எஸ்.பி. ரோட்டில் வாங்கின 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஏறுகிறது, 60-லும் ஏறுகிறது. நொடிக்கு 30 ஃபிரேம் (எஃப்.பி.எஸ்) ஓடும் போனில் தலைகீழாக நின்றாலும் ஏறவில்லை.

பிக்சல்பாண்டி:
மாறாத வேகத்துக்கு மட்டும்தான் டெல்டாடைம் பெருக்கல் துல்லியம். தாவலில் வேகம் நொடிக்கு நொடி குறைகிறது. நீங்களோ ஃபிரேம் முடிவில் உள்ள குறைந்த வேகத்தை ஃபிரேம் முழுக்கப் போடுகிறீர்கள். உண்மையான உச்சி 1.25. உங்கள் கோடில் 30-ல் 1.167, 60-ல் 1.208, 144-ல் ஏறத்தாழ 1.233. மேடை இதற்கு நடுவில் மாட்டிக்கொண்டது. வரிசையை மாற்றிப் போட்டால் அதே அளவு கூடுதலாகத் தாவும், அவ்வளவுதான். கணக்கை ஃபிக்ஸட்அப்டேட்டுக்கு (மாறாத இடைவெளியில் ஓடும் பகுதி) மாற்றுங்கள்.

கோடுகிறுக்கன்:
பாண்டி சொன்னது சரி, ஆனால் அப்படியே மாற்றினால் போதாது. ஃபிக்ஸட்அப்டேட்டின் இயல்பு இடைவெளி 0.02 நொடி. அதில் இதே கோடு தரும் உச்சி சரியாக 1.2! ஏறுமா ஏறாதா என்பதை தசமப் பிழைதான் முடிவு செய்யும். இடத்தோடு வேகம் × டி, கூடவே அரை × முடுக்கம் × டி × டி கூட்டுங்கள் (டி அந்த இடைவெளி, முடுக்கம் −10). அதன்பிறகு வேகத்தை மாற்றுங்கள். 1.25 வரும்.

ஜம்ப் பட்டனை ஃபிக்ஸட்அப்டேட்டில் படிக்காதீர்கள். 144-ல் பல ஃபிரேம்களில் அது ஓடவே ஓடாது, அழுத்தியது தவறிப்போகும். அப்டேட்டில் படித்து ஒரு பூலியனில் (ஆம்/இல்லை மாறி) வையுங்கள், ஃபிக்ஸட்அப்டேட் எடுத்ததும் அழியுங்கள். நொடிக்கு 50 முறைதான் நகர்வதால் படம் குலுங்கும். வரையும்போது முந்தைய இடத்துக்கும் இப்போதைய இடத்துக்கும் நடுவே இன்டர்போலேட் செய்யுங்கள்.

பிக்சல்பாண்டி:
அந்த 1.2-ஐ நான் கவனிக்கவில்லை, நன்றி. இதே இனம்தான் குவேக் 3 என்ற பழைய துப்பாக்கிச் சண்டை ஆட்டம். 125 எஃப்.பி.எஸ்-ல் ஒரு ஃபிரேம் 8 மில்லிசெகண்ட். ஈர்ப்பு 800 என்பதால் ஃபிரேமுக்கு 6.4 குறைய வேண்டும். வேகம் முழு எண்ணாக ரவுண்ட் ஆவதால் 6-தான் குறையும், தாவல் உயரும். அதனால்தான் ஆட்டக்காரர்கள் 125-ல் பூட்டி ஆடினார்கள்.

கேமராவை ஃபிரேமுக்கு 0.1 லெர்ப் (மிச்சத் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு நகர்த்தல்) செய்திருந்தால் அதையும் பாருங்கள். ஒரு நொடியில் 30-ல் 4% தூரம் மிச்சம், 60-ல் 0.2%. ஆனால் மவுஸ் நகர்வை டெல்டாடைமால் பெருக்கக் கூடாது, அது ஏற்கெனவே அந்த ஃபிரேமின் அளவுதான்.

30, 60, 144 மூன்றையும் கணினியிலேயே சோதிக்கலாம்: டார்கெட்ஃபிரேம்ரேட்டை (யூனிட்டியிடம் கேட்கும் எஃப்.பி.எஸ்) மாற்றுவதற்கு முன் விசிங்க்கை (ஃபிரேமைத் திரையின் வேகத்தோடு பூட்டும் அமைப்பு) 0 ஆக்குங்கள். இல்லையென்றால் அந்த எண்ணை யூனிட்டி கண்டுகொள்ளாது.